செட்டிகுளத்துச் சிலந்தி

எட்டாம் அத்தியாயம்

முதல் ஏழு அத்தியாயங்களையும் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் நடந்தவை வேறு வழக்குகள். எல்லாவற்றிலும் சைக்கிள் மிதித்தவன் நான், பேர் வாங்கியவர் ஏரம்பு அண்ணை. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடையின் மேல்மாடியில் 'ஏரம்பு, துப்பறிபவர்' என்று பலகை தொங்குகிறது. உதவியாளன் தவராசா என்று என் பெயரையும் ஒரு மூலையில் போடும்படி மூன்று வருடமாகக் கேட்கிறேன். "பலகையில இடமில்லையடா" என்பார். அந்தப் பலகையில் ஓர் எருமை கால் நீட்டிப் படுக்கலாம். எனக்கு எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதை மறைக்க நான் என்ன முனிவரா?

1961ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அருந்ததி ரீச்சர் எங்கள் படியேறி வந்தார். முல்லைத்தீவில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். நாற்பது வயது இருக்கும். கதிரையில் உட்காருவதற்கு முன்பே பிரம்புப் பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து மேசையில் வைத்தார். அறை முழுக்கச் சாராய வாடை.

"ரீச்சர், விடியவே தொடங்கியிட்டீங்களோ?" என்றேன்.

"இது சிலந்திக்கு," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. "சுத்தமான ஸ்பிரிட் எடுக்கப் பெர்மிட் வேணும். எனக்கு ஆர் தரப் போகினம்? ஓடக்காரரைக் கொண்டு சாராயம் எடுப்பிக்கிறன். நான் சைவம், மச்சம் மாமிசம் தொடாதனான். ஆனால் முல்லைத்தீவில எனக்கு என்ன பேர் எண்டு நீங்களே விசாரிச்சுப் பாருங்கோ."

ஏரம்பு அண்ணை வாயில் கறுவாப்பட்டையை அடக்கிக்கொண்டு லென்ஸை எடுத்தார். ஒரு குழாயில் ஐந்து சிலந்திகள், மற்றதில் ஒன்று. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது. முன்னால் நான்கு பெரிய கண்கள், அவற்றுக்கு மேலே நெற்றியில் ஒரு பட்டை.

"இது வலை பின்னுற சாதி இல்லை. பாய்ஞ்சு பிடிக்கிறது," என்றார் ரீச்சர். "இந்தப் பட்டை உள்ள சாதியில நாலு இனம்தான் இதுவரைக்கும் தெரியும். நாலும் இந்து சமுத்திரத்துத் தீவுகள்ல. ஒரு தீவுக்கு ஒரு இனம். ஒண்டில இருக்கிறது மற்றதில இருக்காது. அஞ்சாவது என்ர. எங்கட கடற்களப்புக்கு நடுவில ஆலாத்திட்டி எண்டு அரை மைல் நீளத்தில ஒரு திட்டி கிடக்கு. அங்க மட்டும்தான் இருக்கு."

"வேற இடத்தில இல்லை எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் அண்ணை.

"ஒன்பது வருசமாத் தேடியிருக்கிறன்."

நானும் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஐந்துக்கும் பட்டை வெள்ளை. தனியாகக் கிடந்த ஒன்றுக்கு மட்டும் கத்தரிப்பூ நிறம்.

"இவருக்கு மட்டும் ஏன் மாப்பிள்ளைக் கோலம்?"

"அது ஆண். ஆண் அப்பிடித்தான்," என்று சட்டென்று சொல்லி, அந்தக் குழாயை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார். "ஆண் இல்லாமல் புது இனம் எண்டு சொல்ல ஏலாது. பெண் எல்லாம் ஒண்டு போலதான் இருக்கும். ஆணின்ர முகத்துக்குப் பக்கத்தில ரெண்டு சின்னக் கை இருக்கு. அதின்ர நுனியிலதான் இனத்துக்கு இனம் வித்தியாசம், பூட்டுக்குத் திறப்பு மாதிரி."

பிறகு வழக்குக்கு வந்தார். இங்கிலாந்தில் ஒரு மியூசியத்துக்கு அவர் தன் சிலந்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கிருந்து பதில் வந்திருக்கிறது. செட்டிகுளத்தில் இருந்து ஞானப்பிரகாசம் என்ற ஆசிரியரும் அதே சிலந்தியைக் கண்டதாக எழுதியிருக்கிறார், செட்டிகுளம் கடலிலிருந்து வெகுதூரம், திட்டியில் மட்டும் வாழ்வது அங்கே இருக்க முடியாது, உங்கள் இருவரில் ஒருவர் சொல்வது பொய், எவர் என்று தெரியும்வரை பெயர் வைக்க மாட்டோம் என்று.

"அந்தாள் முந்தி எங்கட பள்ளிக்கூடத்திலதான் படிப்பிச்சவர். சிலந்தி பாக்கப் பழக்கினதே நான்தான்," என்றார் ரீச்சர். "மார்கழியில சோதினை மேற்பார்வைக்கு வந்தவர். விஞ்ஞான அறையில ரெண்டு மணித்தியாலம் தனிய இருந்தவர். என்ர சிலந்தியள் அங்க அலுமாரிக்குள்ளதான். களவெடுத்துக்கொண்டு போய்ச் செட்டிகுளத்தில கண்டனான் எண்டு எழுதியிருக்கிறார்."

"எத்தினை குறைஞ்சது?"

"நான் எண்ணி வைக்கேல்லை."

அண்ணை கறுவாப்பட்டையை மற்றக் கொடுப்புக்கு மாற்றினார். ரீச்சர் பையிலிருந்து ஒட்டிய கடிதம் ஒன்றை எடுத்தார். கல்வி அதிகாரிக்குக் களவு முறைப்பாடு.

"களவுதான் எண்டு நீங்கள் விசாரிச்சு எழுதித் தந்தால், ரெண்டையும் சேர்த்துத் திங்கக்கிழமை தபாலில போடுவன். அந்தாளின்ர வேலை போகும். சிலந்தி எனக்கு வரும்."

"வேலை போறது முக்கியமோ, சிலந்தி வாறது முக்கியமோ?"

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்," என்றார்.

தன் எரிச்சலை இவ்வளவு நேராகச் சொன்ன ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

புதன்கிழமை மன்னார் றோட்டுப் பஸ்ஸில் செட்டிகுளம் போனோம். ஞானப்பிரகாசம் மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலே மடு மாதா கோயிலுக்குப் போகிற யாத்திரைக்காரர் தங்கும், தென்னோலைக் கிடுகு வேய்ந்த மடத்தில், வாங்குப் பலகையில் தனியே இருந்து மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். அண்ணை வந்த விஷயத்தைச் சொன்னதும் சோற்றை இலையோடு சுற்றி மூடினார்.

"அவாவே சொன்னவா?"

"ஓம்."

"என்ர பேரைச் சொல்லியோ?"

"முழுப் பேரையும்."

கோபம் வரும் என்று நான் ஒரு அடி பின்னால் நின்றேன். மனிதரின் முகத்தில் வந்தது கோபமில்லை, ஏதோ ஒரு திருப்தி. எனக்கு அது விளங்கவில்லை.

"நீங்கள் சிலந்தியைக் கண்ட இடம் எது?" என்றார் அண்ணை.

"உங்கட தலைக்கு மேல."

நிமிர்ந்து பார்த்தோம். கூரைக் கிடுகின் மடிப்புகளில் ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாத அளவு. ஒவ்வொன்றும் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. ஒன்று குதித்து அண்ணையின் குடை நுனியில் வந்து நின்றது. நெற்றியில் வெள்ளைப் பட்டை.

"ஒவ்வொரு நாளும் இஞ்ச இருந்துதான் சாப்பிடுறனான். போன வருசம் ஒண்டு சோத்துக்குள்ள விழுந்தது. தூக்கிப் பார்த்தால் அருந்ததி ரீச்சரின்ர சிலந்தி!"

"அவாவின்ர எண்டு நீங்களே சொல்லுறீங்கள்," என்றேன்.

மாஸ்டர் பேச்சை மாற்றினார். பிறகு ஒரு மரப்பெட்டியைத் திறந்து தன் குழாய்களைக் காட்டினார். உள்ளே இருந்த தண்ணி ஊதா நிறம்.

"இது என்ன?"

"பெற்றோமக்ஸ் கொளுத்துற ஸ்பிரிட். கடையில இந்தக் கலர் ஒண்டுதான் வரும். சாராயம் வாங்க எனக்குத் துணிவில்லை. படிப்பிக்கிற ஊர்."

"அங்க சாராயம், இஞ்ச ஸ்பிரிட். வன்னியில சிலந்தியாப் பிறந்தால் குடிச்சுத்தான் சாக வேணும் போல," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை லென்ஸால் குழாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடியும் குழாயைப் பார்த்தார்.

"ஆண் இருக்கோ, மாஸ்டர்?"

"ஒண்டு கிடைச்சது. ஒண்டே ஒண்டு. இப்ப என்னட்ட இல்லை."

"எங்க?"

"தபாலில போட்டனான். ஆறு கிழமையாச்சு, ஒண்டரை மாசம். பதில் வரேல்லை."

"ஆருக்கு?"

"அது என்ர சொந்த விஷயம்," என்றார் மாஸ்டர்.

அண்ணை அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கோ கண் வேறொன்றில். பெட்டிக்குள் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. மாஸ்டர் ஒரு வருடமாக விடுமுறை நாட்களில் சைக்கிளில் அலைந்து இந்தச் சிலந்தியைத் தேடியிருக்கிறார். கண்ட இடமெல்லாம் கையால் வரைந்த படத்தில் புள்ளி போட்டிருந்தது. ஒட்டுசுட்டானில் குளக்கட்டு மருதமரம். நெடுங்கேணியில் பாலைமரம். புளியங்குளத்தில் ஒரு புளி. நெளுக்குளத்தில் கிணற்றடி. கடைசியாகச் செட்டிகுளத்து மடம். நடுவில் வேறெங்கும் ஒன்றுமில்லை.

என் அப்பர் வண்டில்காரர். ஏழு வயதில் அந்த மருதுக்குக் கீழே வைக்கோல் விரித்து நான் படுத்திருக்கிறேன். அந்தப் பாலையில் எங்கள் மாட்டைக் கட்டி, அந்தக் கிணற்றில் தண்ணீர் காட்டியிருக்கிறோம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு சோடி மாடு களைக்காமல் ஒரு பகலில் போகும் தூரம். காட்டுச் சிலந்தி காடு முழுக்க இருக்கும். இது மாடு அவிழ்த்துக் கட்டும் இடங்களில் மட்டும் இறங்கியிருக்கிறது. சிலந்தி வண்டிலில் வந்திருக்கிறது!

வாயைத் திறந்தேன். பிறகு மூடினேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? "நல்ல யோசனையடா" என்று என் முதுகில் தட்டிவிட்டு, நாளைக்கு ரீச்சரிடம் அதையே தன் வாயால் சொல்வார். பேர் பலகைக்குப் போகும்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணை என்னை இரண்டு தரம் பார்த்தார்.

"ஏன்ரா வாய் மூடிக் கிடக்கு?"

"வயித்துக் குழப்பம் அண்ணை," என்றேன். அது முழுப் பொய்யுமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் முல்லைத்தீவில் இறங்கினோம். பள்ளிக்கூடம் விடும்வரை அண்ணை தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார். நான் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினேன். ஆலாத்திட்டியில் வாடிக் குடிசை போட்டு மீன் காயப் போடுகிறவர்கள் யார் என்று கேட்டேன். மரியமலர் என்ற அம்மாவைக் காட்டினார்கள். வலைக்கயிற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மடுத் திருவிழாவுக்கு வண்டிலிலயோ போறனீங்கள்?"

"வேற ஏரோப்பிளேனிலயோ? ஆடித் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருசமும் வண்டில்தான். செட்டிகுளத்தால சுத்தித்தான் போவம். அங்க ஒரு நேர்த்தி கிடக்கு."

"என்ன நேர்த்தி?"

"நாப்பத்தொன்பதில அந்த மடத்தில வைச்சு என்ர மூத்தவனுக்குக் கடும் காய்ச்சல். பிழைக்கான் எண்டாங்கள். மழை வேற, கூரை முழுக்க ஒழுக்கு. மாதாவே, இவன் எழும்பினால் வருசா வருசம் இந்தக் கூரையை நான் வேயுறன் எண்டன். எழும்பியிட்டான். இண்டைக்கும் வேயுறன்."

"கிடுகு எங்கயிருந்து?"

"எங்கட வாடிக் கிடுகுதான். வைகாசி முடிய திட்டியில வாடியைப் பிரிப்பம். நல்ல கிடுகாப் பார்த்து வண்டிலுக்கு மேல கட்டிக்கொண்டு போவம். இராவில மரத்தடியில அவிட்டு மறைப்புக்குச் சாத்துவம். கடைசியில மடத்தில ஏத்துவம்."

நான் கிட்டப் போய்க் குந்தினேன். "அந்தக் கிடுகில சின்னச் சிலந்தி இருக்கோ? நெற்றியில வெள்ளைப் பட்டை?"

"சின்னனோ? வாடி முழுக்க அதுதானே! கருவாட்டுக்கு வாற இலையானை எல்லாம் பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிக்கும். நாங்கள் அடிக்கிறேல்லை." கயிற்றைக் கீழே வைத்தார். "அருந்ததி ரீச்சர் தேடித் திரியிறது அதையோ? பாவம், அந்த மனிசி தாழம்பத்தைக்குள்ள முழங்கால் சேத்தில நிண்டு தேடும். கருவாட்டு மணமெண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கட வாடியைச் சுத்திப் போகும். ஒருக்கா உள்ள வந்து கேட்டிருந்தால் ஒரு சுண்டுப் பேணி நிறைய அள்ளிக் குடுத்திருப்பன்."

பின்னேரம் ரீச்சர் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தோம். இரண்டு குழாய்களும் மேசையில் இருந்தன. அண்ணை தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ரீச்சர், உங்கட சிலந்தியை ஒருத்தரும் களவெடுக்கேல்லை. அது யாத்திரை போயிருக்கு!"

மாஸ்டரின் சோற்றில் சிலந்தி விழுந்தது, கொப்பியில் இருந்த ஐந்து புள்ளிகள், வண்டில் தரிப்பிடங்கள், மரியமலர் அக்காவின் நேர்த்தி, வாடிக் கிடுகு என்று ஒன்றையும் விடாமல் அடுக்கினேன். கருவாட்டு வாடியைச் சொன்னபோது ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "உங்கட சட்டம் பிழையில்லை. ஒரு தீவுக்கு ஒரு இனம்தான். செட்டிகுளத்தில இருக்கிறது ஊர் விட்டுப் போன திட்டிச் சிலந்தி," என்று முடித்தேன்.

அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். கறுவாப்பட்டை கொடுப்புக்குள் அசையாமல் நின்றது. மூன்று வருடத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு எரிந்தது. எரிந்ததை நான் கண்டேன். பொங்கலுக்குப் புது வேட்டி கட்டிய மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் ரீச்சர் சந்தோஷப்படவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... அந்தாள் உண்மையா அங்கதான் கண்டதோ?"

"ஓம் ரீச்சர். நல்ல செய்திதானே?"

"அவாவுக்கு நல்ல செய்தி இல்லை," என்றார் அண்ணை. "ரீச்சர், அந்த ஆணை ஒருக்காத் தாங்கோ."

ஒரு முழு நிமிடமாவது என்னைச் சந்தோஷமாக இருக்க விட்டாரா மனிதர்? ரீச்சர் குழாயை எடுக்கவில்லை. அண்ணை எழுந்து, மேசையில் இருந்த இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"செட்டிகுளத்துக் கூரையில உயிரோட நிண்டது எல்லாத்துக்கும் பட்டை வெள்ளை. மாஸ்டரின்ர குழாய்க்குள்ள கிடந்தது எல்லாத்துக்கும் பட்டை ஊதா, பெண்ணுக்குக்கூட. அப்ப அது ஆணின்ர நிறமில்லை, பெற்றோமக்ஸ் ஸ்பிரிட்டின்ர நிறம். சாராயத்தில ஊறுற உங்கட ஆணுக்கு அந்த நிறம் எப்பிடி வந்தது? மாஸ்டர் ஆறு கிழமைக்கு முந்தி தன்ர ஒரே ஆணைத் தபாலில போட்டவர். பதில் வரேல்லையாம்."

ரீச்சர் அந்தக் குழாயை அண்ணையின் கையிலிருந்து வாங்கினார்.

"எனக்குத்தான் வந்தது," என்றார் ரீச்சர். "'இது உங்களுடையதா என்று பார்த்துச் சொல்லவும்' எண்டு ஒரு துண்டும் இருந்தது. என்னட்டயே களவெடுத்து எனக்கே அனுப்பிக் காட்டுறார் எண்டு நினைச்சன். என்ர திட்டியில இருந்து போனதுதானே, திரும்ப என்ர குழாய்க்குள்ள போட்டால் அது களவோ எண்டு நினைச்சன். பிடிச்ச இடம் ஆலாத்திட்டி எண்டு துண்டு எழுதிக் குழாய்க்குள்ள போட்டன். அதின்ர கையைப் படம் கீறி மியூசியத்துக்கும் அனுப்பியிட்டன்."

"இப்ப?"

"இப்ப அது களவுதான்." குரல் உயர்ந்தது. "ஒன்பது வருசம் அந்தச் சேத்துக்குள்ள நிண்டனான்! அட்டை கடிச்ச தழும்பு இன்னும் கிடக்கு. ஒரு ஆண் கிடைக்கேல்லை. அந்தாள் சோறு தின்னக்கே சோத்துக்குள்ள விழுந்திருக்கு. எனக்கு எரியாதோ? சொல்லுங்கோ, எரியாதோ?"

நான் சொன்னேன். "எரியும் ரீச்சர். எனக்கு நல்லாத் தெரியும்." பிறகு மனம் பொறுக்காமல் ஒரு வழியும் சொன்னேன். "வாடியில ஆயிரம் கிடக்கு. ஒரு ஆணைப் பிடிச்சு அந்தக் குழாய்க்குள்ள போட்டால் எல்லாம் சரியாப் போச்சு. ஆருக்குத் தெரியப் போகுது?"

"நான் அனுப்பின படம் அப்ப எந்தச் சிலந்தியின்ர படம்?" என்றார் ரீச்சர். நான் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் செட்டிகுளம் போனோம். மாஸ்டர் மடத்து வாங்கில் இருந்தார். ரீச்சரைக் கண்டதும் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, மறுபடியும் இருந்தார். ரீச்சர் ஆண் சிலந்திக் குழாயை அவர் முன்னால் வைத்தார். அதற்குப் பக்கத்தில் முறைப்பாட்டுக் கடிதத்தையும் வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். வண்டில் கதையையும் சொன்னார். சொல்லும்போது "இதைக் கண்டுபிடிச்சது தவராசா" என்றார். அண்ணை குடையால் நிலத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கடிதத்தை நீங்களே கிழியுங்கோ," என்றார் ரீச்சர்.

மாஸ்டர் கிழிக்கவில்லை. பிரித்து இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆறு கிழமையா உங்கட பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தனான். இதுதான் பதில் எண்டு வைச்சுக்கொள்ளுறன்."

"நீங்கள் நல்ல மனசோட அனுப்பினதுக்கு நான்..."

"நல்ல மனசோ?" மாஸ்டர் தலையை ஆட்டினார். "ரீச்சர், உங்களுக்கு ஆண் கிடைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டில இருந்து மூண்டு வருசம் உங்களோட அந்தத் திட்டிக்கு வந்தவன். நீங்கள் ஒவ்வொரு பெண் சிலந்தியாப் பிடிக்கேக்க எனக்கு ஒண்டும் அம்பிடாது. ஒரு கிழமை எனக்கு நித்திரை வராது. ஆண் என்ர சோத்தில விழுந்த அண்டைக்கு நான் நினைச்சது ஒண்டுதான். இதை அவா பாக்க வேணும். பாத்து வயிறு எரிய வேணும். அதுக்குத்தான் அனுப்பினனான்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். இருவரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"எரிஞ்சதோ?" என்றார் மாஸ்டர்.

"மூண்டு நாள் சோறு இறங்கேல்லை," என்றார் ரீச்சர்.

மாஸ்டர் அதைக் கேட்டுத் தலையை ஒரு தரம் ஆட்டினார். புதன்கிழமை நாங்கள் மடத்திலே வந்து நின்றபோது அந்த முகத்தில் கண்ட திருப்தி என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரீச்சர் பையிலிருந்து ஒரு தாள் எடுத்து வாங்கில் வைத்தார். மியூசியத்துக்கு எழுதிய கடிதம். பென்சிலால் எழுதியிருந்தது. சிலந்திக்காரர் குழாய்க்குள் போடும் துண்டை மையால் எழுதுவதில்லை, மை சாராயத்தில் கரைந்துவிடும், அந்தப் பழக்கம் கடிதத்துக்கும் வந்துவிட்டது. இங்கிலீசில் இருந்த முதல் வரியை மாஸ்டர் எங்களுக்குத் தமிழில் வாசித்தார்.

"'முன்பு நான் படம் அனுப்பிய ஆண் சிலந்தி என்னுடையதல்ல, ஆலாத்திட்டியில் பிடித்ததுமல்ல. துண்டை நான் பொய்யாக எழுதினேன்.'" தாளைக் கீழே வைத்தார். "ரீச்சர், இந்த வரியோட உங்கட கதை முடிஞ்சுது. ஒரு துண்டு பொய் எண்டால் அவங்கள் ஒன்பது வருசத் துண்டையும் நம்ப மாட்டாங்கள். திட்டிச் சிலந்தியை ஆர் முதல் கண்டது எண்டு கேட்டால் உங்கட சொல்லுக்கு மதிப்பிருக்காது."

"தெரியும்."

"அப்ப அது எனக்கு வரும்."

"அதுவும் தெரியும்," என்றார் ரீச்சர். "எனக்கு அது பொறுக்கேல்லை. இப்பவும் பொறுக்கேல்லை. ஆனால் பொய்த் துண்டோட அதை நான் வைச்சிருக்க ஏலாது."

மாஸ்டர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கிடுகு மடிப்பில் ஒன்று முன் கால்களைத் தூக்கி நின்றது. அவர் அந்தச் சிலந்தியை எவ்வளவு ஆசையோடு பார்த்தார் என்பதைக் கண்ட எனக்கு, தாளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்றுதான் பட்டது. நானாக இருந்தால் போயிருப்பேன்.

"சாட்சி ஒருத்தர் வேணும்," என்றார் அண்ணை மெல்ல. "இவாவோட போட்டி போட்டவர் சொன்னால் ஒருத்தரும் சந்தேகப்படாயினம்."

மாஸ்டர் ரீச்சரிடம் கையை நீட்டிப் பென்சிலை வாங்கினார். தாளின் அடியில் ஒவ்வொரு சொல்லாக அழுத்தி எழுதினார். 1952 முதல் 1954 வரை இவருடன் ஆலாத்திட்டிக்குப் போனவன் நான். இவருடைய மற்றத் துண்டுகள் அனைத்தும் உண்மை. செட்டிகுளத்துச் சிலந்தி அங்கிருந்து வண்டிலில் வந்தது. இதை முதலில்...

அந்த இடத்தில் பென்சில் முறிந்தது. அழுத்தின அழுத்தம் அப்படி. மாஸ்டர் முறிந்த நுனியைப் பார்த்துக்கொண்டு இருந்தார், எழுதவில்லை, எழும்பவுமில்லை. ரீச்சர் பைக்குள் கைவிட்டு ஒரு பிளேட்டை எடுத்தார். பென்சிலை வாங்கி, தூள் தாளில் விழாமல் தள்ளிப் பிடித்துச் சீவி, திரும்பக் கொடுத்தார்.

மாஸ்டர் மிச்சத்தையும் எழுதினார். இதை முதலில் கண்டவர் அருந்ததி.